கமெராவும் கருப்பொருளும்: தீவகத்தின் பறவை, விலங்குப் படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மண்டைதீவு, வேலணை ஆகியவற்றைக் கடந்து புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவானை அடைவோர், வழியின் இருமருங்கும் பரவைக்கடலைக் காண்பர். ஆழங்குறைந்த அந்நீரில் சிறகுவலைகளுக்கென நடப்பட்ட தடிகள் நிற்கும். அத்தடிகளிலே ஆலாக்களும் நீர்க்காகங்களும் அமர்ந்திருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் வலசை வரும் பறவைகளைக் காண்பதற்கும் படம் பிடிப்பதற்கும் வருவோர் தொகை அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்வோருட் பலர், அத்தீவின் ‘காட்டுக் குதிரை’களைப் படமாக்கும் நோக்குடையோர்.

இப்படங்களை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பறவை இருக்கும், அது அமர்ந்த தடியை நட்ட கை இராது. குதிரை இருக்கும்; அதே புல்வெளியில் மாடு மேய்ப்பவர் இரார். மனிதனும் அவனது உழைப்பும் நீக்கப்பட்ட பின் எஞ்சுவதே ‘இயற்கையான வாழிடம்’ என்னும் கருத்து இப்படங்களுக்கு அடிப்படையாக அமைந்துள்ளது. இக்கருத்து எங்ஙனம் தோன்றியது, எவர் நலனுக்கு உதவியது என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படப்பிடிப்பாளரின் திறமையையோ விலங்குகள்பால் அவர்கள் கொண்ட பற்றையோ நாம் ஐயுறவில்லை. தனிமனிதரின் நல்லெண்ணத்தைக் கொண்டு ஒரு கலைவடிவத்தின் சமூகப் பயனை அளவிட முடியாது என்பதே எமது நிலைப்பாடு.

2

விலங்குப் படப்பிடிப்பு வேட்டையின் வாரிசாகவே எமது பிராந்தியத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் வேட்டை என்பது ஆளுவோரின் பொழுதுபோக்காகவும் அதிகாரத்தின் வெளிப்பாடாகவும் விளங்கிற்று. 1845இல் இறந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகிறார். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களைத் தனிநூலாகவே எழுதி வெளியிட்டார். காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறியதும் இக்காலத்திலேயே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அம்மாற்றத்துக்கு வழிவகுத்தது. விலங்குகள் அருகியபோது, வேட்டையின் தொடர்ச்சிக்கே இடர் நேர்ந்தது. 1894இல் தோன்றிய சங்கம் வேட்டை விலங்குகளைக் காப்பதையே தொடக்க நோக்கமாகக் கொண்டிருந்தமை மனங்கொளத்தக்கது. யால முதலில் வேட்டைக்காரருக்கான ஒதுக்கிடமாக இருந்து, 1938இலேயே தேசியப் பூங்காவாயிற்று.

இந்தியாவிலும் நிலை இதுவே. ஐக்கிய மாகாணங்களின் வனத்துறை அதிகாரியான எவ். டபிள்யூ. சம்பியன், புலி நடமாடும் தடத்திலே கம்பி கட்டி, அது காலில் இடறும்போது ஒளி தெறித்துப் படம் பதியும் முறையைக் கையாண்டார். 1925இல் அவருடைய புலிப் படங்கள் இலண்டன் இதழொன்றில் வெளிவந்து பெரும் வியப்பை ஏற்படுத்தின. 1927இல் ‘வித் எ கமெரா இன் டைகர்-லாண்ட்’ என்ற அவரது நூல் வெளியாயிற்று. துப்பாக்கியைக் காட்டிலும் கமெராவே உயர்ந்தது என வாதிட்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவ்வாதம் முற்போக்கானதே. ஆயினும், காட்டின் உரிமை அரசுக்கே என்ற ஏற்பாட்டினுள் நின்றே அவ்வாதம் எழுந்தது. காட்டிலே விறகும் தேனும் எடுத்த குடிகள் குற்றவாளிகளாயினர். கமெராவுடன் சென்ற அதிகாரி காவலரானார்.

சொல்லாட்சியும் இங்கு கவனத்துக்குரியது. ஆங்கிலத்திற் சுடுதலையும் படமெடுத்தலையும் ஒரே வினைச்சொல் குறிக்கும். தமிழிலோ படம் ‘பிடிக்கிறோம்’. மீனையும் பறவையையும் பிடிப்பதும் அச்சொல்லாலேயே. இருமொழிகளிலும் வேட்டையின் நினைவு சொல்லிலே தங்கியுள்ளது.

பறவைப் படப்பிடிப்பின் பொருளாதார அடித்தளத்தை லோக் வான் தோ என்பவரின் வாழ்வு தெளிவுறக் காட்டும். சிங்கப்பூரின் திரைப்பட முதலாளியான இவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவிற் புகலடைந்து, பறவையியலறிஞர் சாலிம் அலியுடன் பயணஞ் செய்து, உயர்ந்த பறவைப் படங்களை எடுத்தார். அவரது குடும்பச் செல்வம் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் வேரூன்றியது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டியோருட் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலிகள். பறவையின் கூட்டருகே பலநாள் காத்திருக்கும் ஓய்வு, பிறர் ஓய்வின்றி உழைத்ததால் விளைந்த ஓய்வேயாகும்.

3

இப்பொது விதிக்கு முரணாக அமைபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாகிய இவர், 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கமெராவைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களையே பெரிதும் எடுத்தார். முதுமலையில் வளர்ப்பு யானையின் முதுகிலிருந்து காட்டு யானைகளைப் படமாக்கினார். அவருடைய படங்களில் அலங்காரத்தினும் சான்றே மேலோங்கி நிற்கும். விலங்கு எந்த நிலத்தில், எந்தச் செடியருகே, எவ்வாறு நின்றது என்பதைப் படமும் அதனுடன் அமைந்த உரைநடையும் சேர்ந்தே கூறும். தந்தையார் நாவலிற் பேணிய யதார்த்த நெறியை மகன் வேறொரு துறையிற் பேணினார் எனல் மிகையாகாது. எனினும் அவரது படங்களிலும் வனத்திலே வாழும் மக்கள் மையமாகவில்லை. அது அவரது குறைபாடு என்பதினும், அவர் பணியாற்றிய துறையின் வரம்பு எனலே பொருந்தும்.

இவ்விடத்திற் பண்டைத் தமிழ் இலக்கணத்தை நினைவுகூர்தல் பயனுடைத்து. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்கும்போது விலங்கும் மரமும் பறவையும் மட்டுங் கூறி நின்றாரல்லர். உணவையும் பறையையும் யாழையும் மக்களின் தொழிலையும் அவற்றுடன் ஒருங்கே வைத்தார். நெய்தல் நிலத்துப் பறவையும் நெய்தல் நிலத்து மீன்பிடித்தலும் ஒரே தொகுதியின் உறுப்புகள். இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் சூழலியலறிஞர் எனப் பெருமை பேசுதல் எமது கருத்தன்று. திணைக்கோட்பாடு தன் காலத்து உற்பத்தி முறையின் விளைவு. அக்காலச் சமூக ஏற்றத்தாழ்வுகளும் அதனுள் உள்ளன. ஆனால் உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தைக் காணும் பார்வை என்றும் உள்ளதன்று, வரலாற்றில் ஒரு கட்டத்திலே தோன்றியது என்பதற்கு அது தக்க சான்றாகும்.

4

நெடுந்தீவுக் குதிரைகள் இவ்வாதத்தைத் துலக்கும் சிறந்த எடுத்துக்காட்டு. அவை காட்டு விலங்குகள் அல்ல. போர்த்துக்கேயர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் குதிரை வளர்ப்பு ஒல்லாந்தர் ஆட்சியில் விரிவடைந்தது. பிரித்தானியராட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரியின் பொறுப்பில் அது நடந்தது. பின்னர் அந்நூற்றாண்டினுள்ளேயே கைவிடப்பட்டது. குதிரை படைக்கும் வாணிபத்துக்கும் உரிய பண்டம். நெடுந்தீவு அப்பண்டத்தை விளைவித்த நிலம். ஊழியம் என்னும் கட்டாய உழைப்பு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின் தூண்களுள் ஒன்றாயிருந்தமையை இங்கு மறத்தலாகாது. இலாயத்தின் இடிபாடுகள் இன்றுமுள. பேரரசுக்குத் தேவையற்றதும் விடப்பட்ட விலங்கின் வழித்தோன்றல்களையே நாம் இன்று ‘இயற்கை’ என்று படம் பிடிக்கிறோம்.

இத்தீவு மக்களின் அண்மைய வரலாறும் படத்திற்கு வெளியே நிற்கிறது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். 1990ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கையையடுத்துத் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாயின. போர்க்காலத்திற் கமெரா ஐயத்துக்குரிய பொருளாயிற்று. 2009இன் பின்னரே தூரத்துப் பயணிகள் பெருமளவில் வரலாயினர். ஆளற்ற வீடும் புதர் மூடிய வளவும் அவர்களுடைய கண்ணுக்கு அமைதியான வனப்பாகத் தோன்றின. தீவகத்தின் வெறுமை இயற்கையின் கொடையன்று, இடப்பெயர்வின் விளைவு.

2015 யூனில் நெடுந்தீவின் 1,800 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளமும் அதே காலத்தில் அந்நிலைக்கு உயர்ந்தது. குதிரைகள் கோடைதோறும் நீருக்கும் புல்லுக்கும் வாடுகின்றன. அவற்றைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பசுத்தீவு என்றும் வழங்கப்பட்ட அத்தீவில், பாதுகாப்பு என்பது மாடு வளர்ப்போரையும் மீனவரையும் அப்புறப்படுத்தும் ஏற்பாடாகுமாயின், பழைய தவறே மீண்டும் நிகழும். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது வேடர் தம் வேட்டைநிலத்தை இழந்து குடியேற்றங்களுக்குச் செல்ல நேர்ந்ததை நாம் அறிவோம். மக்களற்ற படங்கள், மக்களற்ற நிலம் என்ற கொள்கைக்கு அழகியல் நியாயம் வழங்குகின்றன. படத்தின் அரசியல் இதுவே.

5

அங்ஙனமாயின் கமெராவை ஒதுக்கிவிடல் வேண்டுமா? அன்று. பரவைக்கடலில் மண்கொட்டி நிரப்புதலும் கழிவு சேர்தலும் பெருகும் இக்காலத்தில், எந்த மாரியில் எந்தப் பறவை எங்கு இறங்கிற்று என்பதற்கு ஒளிப்படம் மறுக்கொணாச் சான்றாகும். பூநாரையின் செந்நிறம் அது உண்ணும் சிற்றுயிர்களாலும் பாசியாலும் வருவது. நீரின் உவர்ப்பும் வரத்தும் மாறின், அவ்வுணவு அருகும், பறவையும் இடம்பெயரும். அதே நீரிலேயே இறாலும் மீனும் வளர்கின்றன. பறவையின் வாழிடமும் மீனவரின் வாழ்வும் ஒன்றே என்பதை அப்படங்களைக் கொண்டே நிறுவலாம். இதற்கு வேண்டுவன, பறவையைப் பறக்கச் செய்வதற்காகக் கூட்டத்தைக் கலைக்காத பொறுப்பும், தடியையும் வலையையும் வெட்டியகற்றாத நேர்மையும், இடம், காலம், நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றைப் படத்தின்கீழ் எழுதும் ஒழுங்குமே.

பறவைகளுக்குத் தீவகத்து மீனவர் வழங்கும் பெயர்களும், அவற்றின் வரவைக்கொண்டு காற்றையும் மீன்பாட்டையும் கணிக்கும் அறிவும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். இப்பணியைப் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளலாம். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு துறைமுகத்தை, ஒரு குளத்தை, ஒரு மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள்ளட்டும். படம் பிடிப்போரும் அதற்குப் பெயர் சொல்வோரும் ஒரே படகில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் நிலையை மாற்றுவது குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே தொடங்கலாம்.