'ராக்' என்றால் கொஞ்சம் கடல், 'ஐலேண்ட்' என்றால் கொள்ளை கடல்! தென் சீனக் கடல் செய்தியில் ஆங்கிலம் கற்கலாம் வாங்க

தென் சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் படகு மீது சீனக் கடலோரக் காவல் படை தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. இந்த மாதிரி வீடியோவை நீங்களும் போனில் பார்த்திருப்பீங்க. அதே செய்தியை ஆங்கிலத்தில் படித்தால் கிளைம், அவார்டு, எக்ஸ்க்ளூசிவ், ராக் என எல்லாமே தெரிந்த வார்த்தைகளாகத்தான் இருக்கும். ஆனாலும் விஷயம் பிடிபடாது. ஏன்னா, இன்சூரன்ஸிலும் சினிமாவிலும் நமக்குப் பழகிய அர்த்தம் வேற, கடல் எல்லைத் தகராறில் அதன் அர்த்தம் வேற.

போட்டித் தேர்வுக்காக நூறு வார்த்தைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து பத்து வார்த்தைகளைப் பிடித்துக்கொள்வது சுலபம். அதற்கு இந்தத் தகராறு நல்ல பாடம். இங்கே ஒரு சொல் மாறினால் லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் கடலே கை மாறும்.

என்ன தகராறு?

தென் சீனக் கடலின் பெரும்பகுதி தனக்குச் சொந்தம் என்கிறது சீனா. அதற்காக வரைபடத்தில் அது போட்டிருக்கும் கோடுகளுக்குத்தான் 'நைன் டேஷ் லைன்' என்று பெயர். பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா, புருனே, தைவான் ஆகியவையும் இந்தக் கடலில் உரிமை கோருகின்றன.

கிளைம்: பணம் கேட்பது மட்டுமல்ல

இன்சூரன்ஸ் கிளைம் நமக்குத் தெரியும். கடல் செய்தியில் கிளைம் என்றால் 'இது என்னுடையது என்று உரிமை கோருவது'. கோருகிறார்கள், அவ்வளவுதான். அது அவர்களுடையது என்று முடிவாகிவிட்டதாக அர்த்தமில்லை. 'சீனாவுக்குச் சொந்தமான கடல்' என்பதற்கும் 'சீனா உரிமை கோரும் கடல்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எக்ஸ்க்ளூசிவ்: டிவியில் ஒன்று, கடலில் ஒன்று

நம்ம சேனல்களில் எக்ஸ்க்ளூசிவ் என்றால் வேறு எங்கும் வராத செய்தி. 'எக்ஸ்க்ளூசிவ் எகனாமிக் ஸோன்' என்பதைத் தமிழில் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்கிறோம். 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கி.மீ. வரை இது நீளலாம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

இங்கே மீன், எண்ணெய், எரிவாயு மீது கரைநாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் மற்ற நாட்டுக் கப்பல்கள் கடந்து போவதைத் தடுக்க முடியாது. கரையை ஒட்டிய முதல் 12 கடல் மைல் மட்டுமே 'டெரிட்டோரியல் சீ', அதாவது ஆட்சிக்குட்பட்ட கடல். அங்கே நாட்டுக்கு இருப்பது 'சாவரின்ட்டி', முழு இறையாண்மை. அதைத் தாண்டிய மண்டலத்தில் இருப்பது 'சாவரின் ரைட்ஸ்', வளங்கள் மீதான உரிமைகள் மட்டும். இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் செய்தியே தப்பாகிவிடும்.

12 கடல் மைலுக்குள்ளேயும் வெளிநாட்டுக் கப்பல் போகலாம், தொந்தரவு செய்யாமல் போனால். அதற்குப் பெயர் 'இன்னசென்ட் பாசேஜ்'. இங்கே இன்னசென்ட் என்றால் அப்பாவி இல்லை, தீங்கற்ற.

ராக்கா, ஐலேண்டா?

கடலுக்கு நடுவே ஒரு நிலத்துண்டு. அதை என்ன சொல்லி அழைப்பது என்பதில்தான் சண்டையே. கடல் சட்டத்தில் இதற்கு மூன்று படிகள்.

• ஐலேண்ட்: அலை ஏறும்போதும் நீருக்கு மேலே நிற்கும், மனிதர் வாழவோ, சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ தாங்கும். 200 கடல் மைல் மண்டலம் கிடைக்கும்.

• ராக்: நீருக்கு மேலே நிற்கும், ஆனால் வாழ்க்கையைத் தாங்காது. 12 கடல் மைல் மட்டும்.

• லோ டைட் எலிவேஷன்: அலை இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் மேடு. தனியாக எதுவும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு புள்ளியைச் சுற்றி 12 கடல் மைல் வட்டம் என்றால் சுமார் 1,550 சதுர கி.மீ. அதையே 200 கடல் மைலாக வரைந்தால் சுமார் 4.3 லட்சம் சதுர கி.மீ. மூன்று தமிழ்நாட்டுக்கும் மேல்! சுற்றிலும் வேறு நாட்டுக் கடல் குறுக்கிடாவிட்டால், ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

பெயர்களிலும் இந்த அரசியல் உண்டு. ஸ்கார்பரோ 'ஷோல்' என்கின்றன ஆங்கிலச் செய்திகள். ஷோல் என்றால் ஆழமில்லாத கடல்மேடு. சீனா அதை ஹுவாங்யான் 'தாவ்' என்கிறது. தாவ் என்றால் சீன மொழியில் தீவு! பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு அது பனதாக். அந்த நாடு தன் பக்கத்துக் கடலையே மேற்கு பிலிப்பைன்ஸ் கடல் என்றுதான் அழைக்கிறது.

அவார்டு: விருது இல்லை

2013-ல் பிலிப்பைன்ஸ் வழக்குப் போட்டது. 2016 ஜூலை 12 அன்று ஹேகில் 'ஆர்பிட்ரேஷன்' தீர்ப்பாயம், அதாவது நடுவர் மன்றம், அவார்டு கொடுத்தது. இங்கே அவார்டு என்றால் நடுவர் தீர்ப்பு. கோடுகளுக்குள் இருக்கும் வளங்கள் மீது சீனா வரலாற்று உரிமை கோரச் சட்டத்தில் இடமில்லை என்றது தீர்ப்பு. ஸ்கார்பரோவை ராக் என்றது. அங்கே பிலிப்பைன்ஸ் மீனவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த மீன்பிடிப்பைச் சீனா தடுத்தது தவறு என்றும் சொன்னது. ஆனால் அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. அது அந்த வழக்கில் இல்லாத கேள்வி.

வழக்கில் பங்கேற்காத சீனா, தீர்ப்பை 'நல் அண்ட் வாய்ட்' என்றது. செல்லாது என்று பொருள். நல், வாய்ட் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான். அழுத்தத்துக்காகச் சேர்ந்தே வரும் சட்ட ஜோடி இது.

ரேம்: போனில் இருப்பது இல்லை

1999-ல் செகண்ட் தாமஸ் ஷோலில் சியரா மாத்ரே என்ற பழைய போர்க்கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது பிலிப்பைன்ஸ். துருப்பிடித்த அந்தக் கப்பலில் இன்றும் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உணவு, பொருள் கொண்டுபோகும் பயணம்தான் செய்திகளில் வரும் 'ரீசப்ளை மிஷன்'.

2024 ஜூன் 17 அன்று அங்கே நடந்த மோதலில் பிலிப்பைன்ஸ் வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். சீனப் படகுகள் 'ரேம்' செய்தன, அதாவது வேண்டுமென்றே வந்து இடித்தன என்றது பிலிப்பைன்ஸ். பிலிப்பைன்ஸ் கப்பல் நெருங்கி வந்ததால் 'கொலிஷன்' ஏற்பட்டது, அதாவது மோதல் நடந்தது என்றது சீனா. ரேமில் குற்றவாளி இருக்கிறார், கொலிஷனில் இல்லை. யார் சொன்னது என்பதைச் சேர்க்காமல் இதில் ஒன்றை மட்டும் மொழிபெயர்த்தால், நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று அர்த்தம்.

நம்ம கடலிலும் இதே வார்த்தைகள்

பாக் நீரிணைச் செய்திகளைக் கவனிங்க. தமிழக மீனவர்கள் 'ஸ்ட்ரே' ஆனார்கள் என்றால் தெரியாமல் திசைமாறிப் போனார்கள். 'கிராஸ்' செய்தார்கள் என்றால் எல்லை தாண்டினார்கள். இலங்கைக் கடற்படை அறிக்கைகளில் வருவது 'போச்சிங்', அதாவது அடுத்தவர் கடலில் திருட்டு மீன்பிடிப்பு. இழுவைமடி வலைகளால் தங்கள் வலைகள் அறுபடுவதாக வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கிறது.

கச்சத்தீவு செய்தியில் தவறாமல் வரும் சொல் 'சீட்'. உட்காரும் சீட் இல்லை. எழுத்துகள் சி, ஈ, டி, ஈ. தன் நிலத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பது என்று பொருள். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு 'தாரைவார்க்கப்பட்டது' என்கிறோம் தமிழில். ஆனால் 2015-ல் ஓர் ஆர்டிஐ கேள்விக்கு வெளியுறவு அமைச்சகம் தந்த பதிலில், அங்கே எல்லையே அதுவரை வரையறுக்கப்படவில்லை, எனவே இந்திய நிலத்தைப் பெறுவதோ விட்டுக்கொடுப்பதோ அதில் இல்லை என்று இருந்தது. மொத்த வாதமும் அந்த ஒரு வினைச்சொல்லில்தான் நிற்கிறது.

நாளைக்கே முயற்சி செய்ங்க

ஒரு கடல் எல்லைச் செய்தியை எடுங்க. மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்க: இடத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள், என்ன வினைச்சொல், அதைச் சொன்னது யார். பிறகு எதிர்த்தரப்பு நாட்டின் செய்தித் தளத்தில் அதே சம்பவத்தைத் தேடிப் படிங்க. மாறியிருக்கும் வார்த்தைகள்தான் அன்றைக்கு நீங்கள் கற்க வேண்டிய வார்த்தைகள்.