முனையக் கோப்பு மேலாளர்: வேகத்தின் வரலாறும் தமிழ்ப் பெயர்களும்

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில் உள்ள கங்கைகொண்டானில் தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்துக்குக் கொள்முதல் செய்ததும் எல்காட்தான். தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் லினக்ஸ் முனையம் அவ்வழியே தமிழ்நாட்டு மாணவர் கைக்கு எட்டியது. அந்த முனையத்தில் கோப்புகளைக் கையாளும் கருவிகள் எப்படி வேகம் பெற்றன, அந்த வேகத்தில் தமிழ்க் கோப்புப் பெயருக்கு என்ன ஆனது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கோப்புகளைத் திரையில் பட்டியலாக்கி, அங்கேயே அழிக்கவும் நகர்த்தவும் வழி செய்த 'டிரெட்' 1974 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் உருவானது. 1986இல் ஜான் சோச்சாவின் நார்ட்டன் கமாண்டர் திரையை இரு பலகங்களாகப் பிரித்தது: ஒன்று எடுக்குமிடம், மற்றது சேருமிடம். மிகெல் தெ இகாசா 1994இல் வெளியிட்ட மிட்நைட் கமாண்டர் அந்த வடிவத்தை யுனிக்ஸ் உலகுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் வேகம் என்றால் விரல்களுக்கு மிச்சமாகும் உழைப்பு.

பின்னர் பைத்தானில் எழுதப்பட்ட 'ரேஞ்சர்' கோப்பின் உள்ளடக்கத்தையும் பக்கத்திலேயே காட்டியது. வசதி கூடியது, சுமையும் கூடியது. எதிர்த்திசையில் சென்றது சி மொழியில் எழுதப்பட்ட 'நாய்ஸ்' என்ற மிகச் சிறிய நிரல். அதிலிருந்து கிளைத்து 2017இல் வெளிவந்தது 'என்என்என்'. எழுதியவர் இந்திய நிரலாளர் அருண் பிரகாஷ் ஜானா. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது என் கருத்து. முன்னோட்டம் போன்ற வசதிகளை அவர் மறுக்கவில்லை. மையநிரலுக்கு வெளியே, வேண்டியவர் இணைத்துக்கொள்ளும் சிறு ஷெல் நிரல்களாக நிறுத்தினார். மையநிரலின் நினைவகத் தேவை சில மெகாபைட்டோடு நின்றது.

மொழி சி என்பதால் மட்டும் வேகம் வந்துவிடாது. கோப்புறையைத் திறக்கும் நிரல் முதலில் பெயர்களைப் படிக்கிறது. பிறகு அளவு, தேதி, உரிமை ஆகியவற்றுக்காக ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கேட்கிறது. பத்தாயிரம் கோப்பென்றால் பத்தாயிரம் கேள்வி. கோப்புகள் வலையமைப்பு வழியே வேறு கணினியில் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பயணம். கேள்விகளைக் குறைப்பதும், கண்ணில் படும் வரிகளை மட்டும் வரைவதும், மாறிய இடத்தை மட்டும் திரைக்கு அனுப்புவதுமே வேகத்தின் அடிப்படை. தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் வழியே வேலை செய்பவர் இதன் அருமையை உடனே உணர்வார். 2023இல் வந்த, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட 'யாசி' வேறு வழி பிடித்தது: மெதுவான வேலைகளைப் பின்னணிக்குத் தள்ளி, திரையை உறையவிடாமல் காத்தது.

இவ்வளவு சிக்கனத்துக்கும் நடுவே எழுத்து என்ன ஆகிறது? 'கங்கைகொண்டான்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைப்போம். நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு; யுடிஎஃப்-8இல் 39 பைட். முனையத்தில் இடத்தைக் கணிக்கும் வழக்கமான முறை புள்ளிகளுக்கு இடம் ஒதுக்காது, துணைக்கால், கொம்பு போன்றவற்றுக்கு ஒவ்வொரு கட்டம் தரும். ஆக 10 கட்டம். முனையம் ஒரு கணக்கும் கோப்பு மேலாளர் வேறு கணக்கும் வைத்திருந்தால் நிரைகள் கோணும், பழைய பெயரின் மிச்சம் திரையில் ஒட்டி நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அப்படிப் பிரிந்த பெயர் யுடிஎஃப்-8இல் 42 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வழக்கமாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஆகவே ஒரே கோப்புறையில் இரண்டு 'கங்கைகொண்டான்' அருகருகே இருக்க முடியும். தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

வரிசையிலும் இதே கதை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. பைட் கணக்கில் அடுக்கினால் மனு, மரம், மலர் என்று வரும். தமிழ் அகரவரிசை கேட்பது மரம், மலர், மனு.

இவற்றைச் சரிசெய்தால் வேகம் போய்விடும் என்ற வாதம் நிற்காது. அகலத்தைக் கணக்கிட வேண்டியது திரையில் தெரியும் சில பத்து வரிகளுக்கு மட்டுமே. அகரவரிசைக்கான திறவுகோலைப் பெயர் ஒன்றுக்கு ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அந்தச் செலவு வராது. முழு எழுத்தை ஓர் அலகாக எண்ணும் முறையைக் கோஸ்ட்டி போன்ற புதிய முனையங்கள் ஏற்கத் தொடங்கிவிட்டன. கோப்பு மேலாளர்களும் அதே முறையில் எண்ண வேண்டும்.