பப்ஜியில் வரும் அந்த 1911: ஒரு பழைய கைத்துவக்கின் வரலாறு

பப்ஜி விளையாடும் பிள்ளைகளுக்கு பி1911 தெரிந்திருக்கும். தொடக்கத்தில் கையில் கிடைத்தால் எடுத்து, நல்லதொன்று கிடைத்ததும் வீசிவிடும் சாமான். "சேர், அது உண்மையிலேயே இருந்ததா?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். இருந்தது. அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட ஆண்டுதான் பெயரில் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்க மரைன் படையின் மிகத் தெரிந்தெடுத்த உளவுப் பிரிவினர் 2022 அளவில்தான் அதன் கடைசி வடிவத்தை இடுப்பிலிருந்து கழற்றினார்கள். விமானம், டாங்கி எல்லாம் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. இது நூறு வருடம் கடந்தும் ஏன் நின்றது?

கதை தொடங்குவது பிலிப்பைன்ஸின் தெற்கே, மின்டனாவோவிலும் சூலு தீவுகளிலும். அங்குள்ள முஸ்லிம்களை உலகம் "மோரோ" என்கிறது. ஸ்பெயின்காரர் அந்தலூசில் முஸ்லிம்களுக்குச் சூட்டிய பெயரைக் கப்பலில் கொண்டுவந்து இவர்கள் மீதும் ஒட்டினார்கள். போர்த்துக்கேயர் இங்கே வந்து நமக்கு ஒட்டியதும் அதே பெயர்தான். நம் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பக்கத்தில் உள்ள "மூர்" அதுவே. ஒரே பெயரின் இரண்டு கிளைகள்.

1898 இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா 2 கோடி டொலருக்குப் பிலிப்பைன்ஸை வாங்கியது. அடுத்த ஆண்டு சூலு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையை 1904 இல் அமெரிக்காவே ஒருதலையாக முறித்தது. சண்டை 1913 வரை நீண்டது. தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ கத்தியுடன் பாய்ந்து வருபவர்களை ஸ்பெயின்காரர் "ஹுராமென்தாதோ", சத்தியம் செய்தவர், என்றார்கள். அப்போது அமெரிக்க அதிகாரிகளிடம் இருந்தது 1892 மாதிரி .38 ரிவோல்வர். ரவை பட்ட பிறகும் ஆள் வந்துகொண்டே இருந்தான் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. உடனடித் தீர்வாக, களஞ்சியத்தில் ஒதுக்கிய 1873 மாதிரி .45 ரிவோல்வர்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள். புதியது கைவிட, பழையது திரும்பி வந்தது. அது முதல் தடவை.

இதிலிருந்து "மோரோக்களை நிறுத்தத்தான் 1911 செய்யப்பட்டது" என்றொரு கதை உலாவுகிறது. யூடியூபில் நிறையவே பார்க்கலாம். பாதிதான் சரி. அந்தத் துவக்கு படையில் சேர்ந்தபோது போர் முடியும் தறுவாய். .38 இன் பலவீனத்துக்கு அடிக்கடி சொல்லப்படும் பதிவான சம்பவம்கூட 1905 இல் சமார் தீவில் நடந்தது. பல ரவைகள் பட்டும் விழாத ஒரு கைதியைத் துவக்குப் பிடியால் அடித்துத்தான் வீழ்த்தினார்கள். சமார் முஸ்லிம் பிரதேசமே அல்ல. 1906 மார்ச்சில் ஜோலோ தீவின் பூட் டாஹோ எரிமலை வாய்க்குள் ஒதுங்கியிருந்த தவுசூக் மக்களில் அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கொன்றது ரைபிளும் பீரங்கியும் இயந்திரத் துவக்கும். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வீரக்கதையாகச் சொல்லப்படும் போது இந்த மலை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1904 இல் தொம்சன், லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிக்காகோ கால்நடைக் கூடங்களில் மாடுகள் மீதும், வேறிடத்தில் மனிதப் பிணங்கள் மீதும் சுட்டுப் பார்த்தார்கள். .45 க்குக் குறையக் கூடாது என்பது முடிவு. இன்றைய அளவுகோலில் அது அறிவியல் என்று சொல்ல முடியாத சோதனை. ஆனால் அளவு நிலைத்துவிட்டது.

அந்த அளவுக்குத் துவக்கை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜோன் பிரவுனிங். 1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் ஒரே துவக்கால் 6,000 ரவைகள் சுட்டார்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டியாளரின் துவக்கு 37 முறை சிக்கியது. இரண்டாம் உலகப் போரில் டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் கம்பனிதான் இதை மிக அதிகமாகத் தயாரித்தது. நம் உம்மாமார் துணி தைத்த சிங்கர் கம்பனியும் 500 செய்து கொடுத்தது. அந்த ஐந்நூறில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம்.

1985 இல் நேட்டோ நாடுகளோடு ஒத்துப்போக அமெரிக்கா 9 மில்லிமீற்றர் பெரெட்டாவுக்கு மாறியது. பழையதில் 7 ரவை, புதியதில் 15. மரைன் உளவுப் பிரிவினர் மட்டும் .45 ஐ விடவில்லை. இராணுவம் இதைக் கடைசியாகக் கொள்வனவு செய்ததோ 1945 இல். ஆகவே களஞ்சியத்தில் கிடந்த பழைய துவக்குகளில் உடல் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, வேர்ஜீனியாவின் குவாண்டிகோ முகாமில் படைக்கலத் தொழிலாளர்கள் புதிய குழல், புதிய விசை, புதிய குறிகாட்டி வைத்து ஒவ்வொன்றாகக் கையால் ராவிப் பொருத்தினார்கள். தகப்பனுக்குக் கொடுத்த துவக்கு மகனுக்கு வந்தது என்று சொல்லத்தக்க வயது அவற்றுக்கு.

பாசத்தால் அல்ல. பெரெட்டாவில் முதல் சூட்டுக்கு விசையை நீளமாக, பாரமாக இழுக்க வேண்டும், அடுத்தது இலகுவாகிவிடும். 1911 இல் சுத்தியலைப் பின்னிழுத்துப் பூட்டிட்டே கொண்டு திரிவார்கள். பூட்டைத் தட்டியதும் விசை நேராகப் பின்னே ஒரு சிறு தூரம், எல்லாச் சூட்டுக்கும் ஒரே அளவு. பணயக் கைதியின் பக்கத்தில் நிற்பவனைச் சுடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. .45 ரவை ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் போவதால் சைலன்சருக்கும் பொருந்தும். ஆனால் இதைப் பராமரிக்கத் தேர்ந்த கை வேண்டும், சுடுபவருக்கும் ஓயாத பயிற்சி வேண்டும். வருடத்தில் சில தடவை மட்டும் சுடும் சாதாரண சிப்பாயிடம் கொடுத்தால் பிரச்சினைதான். அதனால்தான் பெரும்படை விட்டதைச் சிறுபடை வைத்துக்கொண்டது.

2012 இல் மரைன் படை கோல்ட் கம்பனிக்கு 2 கோடியே 25 இலட்சம் டொலருக்கு, 12,000 வரையான புதிய 1911 களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் சில வருடங்களுக்குள் மரைன் சிறப்பு நடவடிக்கைப் பிரிவே இலேசான, கூடுதல் ரவை பிடிக்கும் குளொக்குக்குப் போய்விட்டது. 9 மில்லிமீற்றர் ரவையும் பழைய ரவையாக இருக்கவில்லை, வெகுவாகத் தேறியிருந்தது. பிறகு உளவுப் பிரிவுக்கும் எம்18 வந்தது.

துவக்கு மட்டும் இன்னும் செய்யப்படுகிறது. மணிலாவுக்குப் பக்கத்தில் மரிக்கினா நகரில் ஆர்ம்ஸ்கோர் என்ற பிலிப்பைன்ஸ் கம்பனி 1911 களைப் பெருமளவில் தயாரிக்கிறது. அவற்றைக் கூடுதலாக வாங்குவது அமெரிக்கர்கள்.