ஒரு சீருடைப் பட்டனுக்கு வயது சொல்வது எப்படி?

மாணவர்களே, வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டு, நாணயம், கடிதம் என்று எழுதிப் பழகிவிட்டோம். படைவீரரின் சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பட்டனும் சான்றுதான். பிரிட்டனில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் தேடுபவர்களுக்கு அது அடிக்கடி கிடைக்கும். பிரிட்டிஷ் படை நின்ற நம் மலாயா, சிங்கப்பூர் மண்ணிலும் கிடைக்கக்கூடியதுதான். அப்படி ஒன்று கைக்கு வந்தால் நான்கு கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: எண் இருக்கிறதா? 1767இல் வந்த அரச ஆணைப்படி, பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமெண்டுகள் தங்கள் எண்ணைப் பட்டனில் பொறித்தன. 1871இல் சாதாரண வீரர்களின் பட்டனில் எண் போய், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னம் வந்தது. அதிகாரிகளுக்கு எண் 1881 வரை நீடித்தது. அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் ரெஜிமெண்டுகள் எண்ணை விட்டு வட்டாரப் பெயருக்கு மாறின.

இரண்டாவது: என்ன உலோகம்? சாதாரண வீரர்களுக்கு 1855 வரை பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவை. அதன் பிறகு பித்தளை. அப்படியென்றால், எண் பொறித்த சாம்பல் நிறப் பியூட்டர் பட்டன் 1767க்கும் 1855க்கும் இடைப்பட்டது. இரண்டு விடையைச் சேர்த்ததும் காலம் எப்படிச் சுருங்குது, பாருங்க!

மூன்றாவது: எந்தக் கிரீடம்? மேல் வளைவுகள் குவிமாடம் போல உருண்டிருந்தால் அது மன்னர் கிரீடம். பெரும்பாலும் 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலத்தது. வளைவு நடுவில் பள்ளமாக இறங்கினால், அது விக்டோரியா காலமாகவோ 1953க்குப் பிந்திய இரண்டாம் எலிசபெத் காலமாகவோ இருக்கலாம்.

நான்காவது: பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? ஃபர்மின், காண்ட் போன்ற தயாரிப்பாளர் பெயரும், லண்டன், பர்மிங்ஹாம் என்று ஊரும் இருக்கும். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் மாறிய ஆண்டு தெரிந்தால் காலம் இன்னும் சுருங்கும்.

இனி, தேர்வில் மதிப்பெண் போகும் இடத்துக்கு வருவோம். மலாயாவில் மன்னர் கிரீடப் பட்டன் கிடைத்தால் உடனே '1942 ஜப்பானியர் போர்' என்று எழுதிவிடக் கூடாது. அவசரகாலம் தொடங்கிய 1948இலும் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். கிரீடம் மாறிய பிறகும் பழைய பட்டனை வீரர்கள் உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை. பட்டன் சொல்வது அது *செய்யப்பட்ட* காலத்தை. மண்ணில் *விழுந்த* நாளை அல்ல.

இன்னொரு உதாரணம் சிங்கப்பூரின் ஆடம் பார்க். 1942 பிப்ரவரியில் அங்கே நின்று போரிட்டது பிரிட்டிஷ் கேம்பிரிட்ஜ்‌ஷயர் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாளம். சரணடைந்த பிறகு அதே வீடுகள் போர்க்கைதி முகாம் ஆயின. ஆஸ்திரேலிய வீரர்களும் அங்கே அடைக்கப்பட்டனர். ஆஸ்திரேலியா நாட்டின் வரைபடம் பொறித்த பட்டன் ஒன்று அங்கே கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 'ஆஸ்திரேலியர் இங்கே போரிட்டனர்' என்று முடிவு கட்டலாமா? கூடாது. அது கைதி ஒருவரின் சட்டையிலிருந்தும் விழுந்திருக்கலாம். பக்கத்தில் தோட்டா உறை கிடந்ததா, அடுப்புக் கரி கிடந்ததா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும். அதனால்தான் இடத்தைக் குறிக்காமல் தோண்டி எடுத்த பட்டன் பாதிச் சாட்சியை இழந்துவிடுகிறது.

ஆசிரியர்களே, இதை வகுப்பில் சொல்லும்போது மூன்று எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிடுங்க. ஒன்று, பளபளக்க வேண்டுமென்று தேய்க்கக் கூடாது, எழுத்து அழிந்துவிடும். இரண்டு, மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மரபுடைமைப் பொருள் கிடைத்தால் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. மூன்று, போர் நடந்த மண்ணில் வெடிக்காத குண்டும் இருக்கும். 2023இல் சிங்கப்பூர் அப்பர் புக்கிட் தீமாவில் கிடைத்தது 100 கிலோ குண்டு.

அந்தப் பட்டனை அணிந்தவரின் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் எந்தப் படை, எந்தக் காலம் என்று தவறில்லாமல் சொல்வது நம் கையில் இருக்கிறது. அவசரப்பட்டு எழுதினால், அவர் போரிடாத போரில் அவரை நிறுத்திவிடுவோம்.