பெங்களூரு வெயிலிலிருந்து தப்பிக்க எந்த மலைக்குச் செல்லலாம்? உயரம், இ-பாஸ், சாலை விதிகள் முழு விவரம்

பெங்களூரு: குளுமைக்குப் பெயர்பெற்ற பெங்களூருவில் 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2016 ஏப்ரலில் இது 39.2 டிகிரியைத் தொட்டது. கான்கிரீட் கூரைகள் நெருங்கி நிற்கும் ஈஜிபுரா போன்ற பகுதிகளில், பகலில் சுவர் உள்வாங்கிய சூடு இரவிலும் இறங்குவதில்லை. ஆகவே வார விடுமுறை வந்தால் மலையை நோக்கிப் புறப்படுவோர் பலர். எனினும், மலை என்று பெயர் பெற்ற இடங்கள் எல்லாம் பெங்களூருவாசிக்குக் குளிர்ச்சி தருவதில்லை.

உயரமே கணக்கு: கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. பெங்களூருவே சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. எனவே, மலையின் மொத்த உயரத்தைக் காட்டிலும் பெங்களூருவுக்கு மேல் அது எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதே முக்கியம். சென்னையிலிருந்து ஏலகிரிக்கு வருபவர் 1,100 மீட்டர் ஏறுகிறார். பெங்களூருவிலிருந்து செல்பவருக்குக் கிடைப்பதோ 200 மீட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு டிகிரி அளவிலான வித்தியாசம். சுமார் 1,170 மீட்டர் உயரமுள்ள மடிக்கேரியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கு உணரப்படும் குளுமையில் காப்பித் தோட்ட நிழலுக்கும் கோடை மழைக்கும் பெரும் பங்கு உண்டு.

ராஜஸ்தானின் மவுண்ட் அபு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தார் பாலைவன வெப்பத்துக்குத் தப்பி மக்கள் திரளும் அந்த மலைநகரின் உயரம் சுமார் 1,220 மீட்டர் மட்டுமே. 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான பலோடி போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு அது பெரும் ஆறுதல். பெங்களூருவாசிக்கு அது வெறும் 300 மீட்டர் ஏற்றம்.

அருகில் உள்ளவை: நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நந்தி மலை 1,478 மீட்டர் உயரம் கொண்டது. திப்பு சுல்தான் கோடையில் தங்கிய மாளிகை இங்கு உள்ளது. கணக்குப்படி சுமார் 3.5 டிகிரி குறைய வேண்டும். ஆனால் உச்சியில் வெட்டவெளிப் பாறைகள் அதிகம் என்பதால் அதிகாலையில் சென்று வெயில் ஏறுமுன் இறங்குவதே நல்லது. சேலத்தை அடுத்த ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரமும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக அரை நாளில் சென்றடையலாம். வித்தியாசம் ஏறக்குறைய 4 டிகிரிதான் என்றாலும், குறைந்த செலவில் ஓர் இரவு தங்க ஏற்ற இடம் இதுவே.

உண்மையான குளிருக்கு 2,000 மீட்டரைத் தாண்ட வேண்டும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர் உயரத்தில் உள்ளன. இங்கு 8 டிகிரி வரை குறைவை எதிர்பார்க்கலாம். அதே 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலும் 29 டிகிரி பதிவாகி நீலகிரி மக்களைத் திகைக்க வைத்தது. பெங்களூருவின் 38 டிகிரியோடு ஒப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. மலை அப்படியே நிற்க, அடிவாரத்தின் சூடு ஏறினால் உச்சியின் சூடும் ஏறும்.

இ-பாஸ் கட்டாயம்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகை, கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக் காலத்தில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்களும் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்து, ரயில் மூலம் செல்வோர் இதில் அடங்கமாட்டார்கள். சொந்த வாகனம் இல்லாத குடும்பத்துக்கு இது ஒரு வகையில் நிம்மதி. விடுதி அறைக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்பே பாஸ் பெற்றுவிடுவது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டு செல்ல வேண்டும்.

பந்திப்பூர் இரவுத் தடை: மைசூரு, குண்டல்பேட்டை வழியாக உதகை செல்லும் சாலை பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு இங்கு அனுமதி இல்லை. ஈஜிபுராவிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு விடியுமுன் மலையேறத் திட்டமிடுவோர் சோதனைச் சாவடியில் வரிசையில் காத்திருக்க நேரிடும். அதிகாலை 2 அல்லது 3 மணிக்குக் கிளம்பினால் போதும். ஞாயிறு மாலை திரும்புவோர் உதகையில் பொழுதைக் கழித்துவிட்டு 9 மணிக்கு முன் காட்டைக் கடக்க விரைவது ஆபத்தானது. யானையும் மானும் சாலையைக் கடக்கும் வேளையும் அதுவே.

பயணச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு நகருக்குள்ளேயே நிழல் உண்டு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் சுமார் 240 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது. அதன் புகழ்பெற்ற பாறைக் குன்றைப் பகலில் தவிர்த்து, ஏரிக்கரை மரங்களின் பக்கம் செல்லலாம். கட்டணம் இல்லாத கப்பன் பூங்காவுக்கு மெட்ரோ நிலையமே உள்ளது.