எந்த ஆண்டின் 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்'?

'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்ற நீராவி எஞ்சின் டொன்காஸ்டர் பட்டறையில் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில் 1923இல் உருவானபோது அதற்குப் பெயரில்லை; 1472 என்ற இலக்கம் மட்டுமே. மறு ஆண்டு வெம்பிளியில் நடந்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சிக்காக, இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் காலை 10 மணிக்குப் புறப்படும் கடுகதி வண்டியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இலக்கமும் 4472 ஆயிற்று. பேரரசு தன் சரக்கைப் பரப்பிக் காட்டிய இடத்தில்தான் இது ஒரு சின்னமாகப் பிறந்தது. எடின்பரோவுக்கு எங்கும் நில்லாமல் ஓடிய 1928ஆம் ஆண்டு ஓட்டமும், மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிய 1934ஆம் ஆண்டுப் பதிவும் பின்னர் வந்தவை.

சின்னம் அப்படியே இருந்துவிடவில்லை. 1947இல் அது ஏ3 வகையாகத் திருத்தியமைக்கப்பட்டது. தேசியமயமாக்கலின் பின் 60103 என்ற இலக்கமும், காலப்போக்கில் கரும்பச்சை நிறமும் பெற்றது. 1959இல் இரட்டைப் புகைபோக்கியும், அதையடுத்து இருபுறமும் புகைவிலக்கித் தகடுகளும் பூட்டப்பட்டன. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் ஒரே வகை எஞ்சின்களுக்கிடையே கொதிகலன்களை மாற்றிப் பூட்டுவது அக்கால வழக்கம். ஆக, 1923இன் இரும்பைத் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

1963இல் அது சேவையிலிருந்து நீக்கப்பட்டது. அரசு பேணவிருந்த எஞ்சின்களின் பட்டியலில் அது இல்லை. அலன் பெக்லர் என்ற தனிமனிதர் 3,000 பவுண் கொடுத்து வாங்கி, இரட்டைப் புகைபோக்கியையும் தகடுகளையும் கழற்றி, இளம்பச்சை பூசி, மீண்டும் 4472 ஆக்கினார். பேணுதல் என்ற பெயரில் நடந்த முதற்காரியம் அதன் கடைசி ஆண்டுகளை அழித்ததுதான்! அந்த எஞ்சினைப் பிரித்தானிய ஏற்றுமதியின் விளம்பரமாக 1969இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன அவர், 1972இல் வங்குரோத்தானார். கப்பலொன்றில் சொற்பொழிவாற்றி உழைத்தே ஊர் திரும்பினார். அங்கு சிக்கிக்கிடந்த எஞ்சினை 1973இல் வில்லியம் மக்அல்பைன் மீட்டு வந்தார். அதன் வகையைச் சேர்ந்த மற்றவை யாவும் அதற்குள் பழைய இரும்பாகிவிட்டன. அவற்றுள் முதலாவதான 'கிரேட் நோர்தேண்'கூடத் தப்பவில்லை.

2004இல் தேசிய புகையிரத அருங்காட்சியகம், பொதுமக்களின் நன்கொடையும் சேர, 23 இலட்சம் பவுணுக்கு அதை வாங்கியது. பத்தாண்டுத் திருத்தவேலை அதைவிட அதிகமாகவே விழுங்கிற்று. 2016இல் அது வெளிவந்தது கரும்பச்சையில், 60103 ஆக. பலர் முகஞ்சுளித்தார்கள்; அவர்கள் நேசித்தது இளம்பச்சையை. ஆனால் இரட்டைப் புகைபோக்கியோடு இளம்பச்சை என்பது அதன் சேவைக்காலத்தில் ஒருநாளும் இருந்திராத கோலம். அருங்காட்சியகத்தின் முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. நன்கொடை கொடுத்தவர்களில் எத்தனைபேர் இந்தப் பச்சைக்காகக் கொடுத்தார்கள் என்பது வேறு விடயம்.