வடசென்னை

வடசென்னை என்பது சென்னை மாநகரின் வடபகுதி. ஜார்ஜ் டவுன், ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், கொடுங்கையூர், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய ஊர்கள் பொதுவாக இப்பெயரில் அடங்கும். கிழக்கே வங்கக்கடல், தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை, வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். கோட்டையை ஒட்டி முதலில் குடியேற்றம் நடந்ததும், துறைமுகம், ரயில் நிலையம், பஞ்சாலை, தொழிற்சங்கம் ஆகியவை முதலில் வந்ததும் இங்கேதான். பின்னர் நகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தபோது, ஊருக்குத் தேவையாக இருந்தாலும் வீட்டருகே வைத்துக்கொள்ள யாரும் விரும்பாதவை எல்லாம் வடக்கே வந்து சேர்ந்தன. சலவைத்துறை, சிறை, சரக்கு ரயில் முற்றம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, குப்பைமேடு என்று அந்த வரிசை நீள்கிறது. நகரத்தைக் கட்டியவர்கள் குடியிருந்த பகுதி நகரத்தின் கொல்லைப்புறமாக நடத்தப்பட்டதே இதன் வரலாறு.

நகரத்துக்கு முன்

சென்னைப் பட்டணத்துக்குப் பல நூற்றாண்டு மூத்த ஊர் திருவொற்றியூர். தேவார மூவரின் பாடலும் பெற்ற இவ்வூர்ச் சிவன் கோயிலின் கருவறைக் கட்டடம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லால் எழுப்பப்பட்டது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம் இது. பட்டினத்தார் சமாதியும் இங்குக் கடற்கரையில் உள்ளது. கோயிலின் கல்வெட்டுகள் இலக்கணம் கற்பிக்க மண்டபம் இருந்ததையும் சொல்கின்றன. சென்னையின் வயதை 1639-லிருந்து மட்டும் எண்ணும் வழக்கத்தில் இந்த ஊர் விடுபட்டுவிடுகிறது.

கோட்டையும் மதிலும்

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடலோர நிலத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே கோட்டையின் முதற்பகுதி எழுந்தது. கோட்டைக்குள் வெள்ளையரும், அதன் வடசுவரை ஒட்டித் துணி வணிகர், நெசவாளர், துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள், கூலியாட்கள் முதலியோரும் குடியேறினர். கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம், வெளியே இருந்தது கறுப்பர் பட்டணம். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் அந்தப் பழைய பட்டணம் இருந்தது. பின்னர் அந்தப் பட்டணமும் அதன் நடுவில் இருந்த சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்களும் இடம்பெயர்ந்தன.

இடப்பெயர்ச்சிக்குக் காரணம் போர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி 1749 வரை வைத்திருந்தனர். எதிரி மறைந்து நெருங்குவதற்குக் கறுப்பர் பட்டணத்து வீடுகளே வசதியாக இருந்தன என்று கண்ட கம்பெனி, நகரம் திரும்பக் கிடைத்ததும் கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று முடிவு செய்து, பழைய பட்டணத்தை இடித்துத் தள்ளியது. கோயில்களும் தப்பவில்லை. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியில் அவை பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தன. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தனர். அந்தப் புதிய கறுப்பர் பட்டணமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பழைய எல்லையைக் குறித்த 1773-ஆம் ஆண்டுத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் நிற்கிறது.

ஐதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல் வரை வந்துபோன பிறகு, புதிய பட்டணத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் கட்டப்பட்டது. ஒப்பந்தக்காரர் பால் பென்பீல்டு. வேலை 1772-இல் முடிந்தது. கட்டிய செலவைக் குடிமக்களிடம் வரியாக வசூலிக்கக் கம்பெனி முயன்றது, மக்கள் எதிர்த்தார்கள். வரி போன இடம் தெரியவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலின் எஞ்சிய துண்டு ஒன்றை ராயபுரம் பக்கம் மாடிப்பூங்காவில் பார்க்கலாம். பீரங்கி வைக்கும் அளவுக்கு அகலமான அந்தச் சுவரின் தலைமேலேயே பூங்கா அமைத்திருக்கிறார்கள். அருகிலுள்ள சாலைக்குப் பழைய சிறைச்சாலை சாலை என்று பெயர். சிறை இருந்த இடத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி நடக்கிறது.

மதில் எதிரியைத் தடுத்ததைவிட ஊரைப் பிரித்ததே அதிகம். உள்ளே வணிகர் தெருக்கள். பவழக்காரத் தெருவில் மத்தியதரைக்கடல் பவழத்துக்குக் கோல்கொண்டா வைரம் கைமாறியது. வெளியே, கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் வண்ணாரப்பேட்டை. 1780-களின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். 1938 முதல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே உருவாக்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. இயந்திரத்தில் விரல் இழக்கும் தொழிலாளர் நிறைந்த பகுதியில் அப்படி ஒரு பிரிவு எழுந்தது பொருத்தமானது.

கடலோரம்

துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றன. அலை மோதும் இடைவெளியைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். இவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆளுநர்கள் முதல் சிப்பாய்கள் வரை எல்லாரும் இந்தப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் சென்னை மண்ணை மிதித்தார்கள். 1829-இல் ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டியது படகுக்காரச் சமூகமே.

1875-இல் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைத் தகர்த்தது. மீண்டும் கட்டினார்கள். 1904-க்குப் பின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி உறுதியாக்கினார். படகோட்டிகளின் பிழைப்பு போயிற்று. அத்தோடும் நிற்கவில்லை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. மீனவர் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இன்று அந்தக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவின் அழகைப் பேசும் எவரும், அந்த மணல் யாருடைய கரையிலிருந்து நின்றுபோனது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ரயில்

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடங்கிவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்காக ரயில் ஓடியது. பம்பாய், தாணே பகுதிகளின் தொடக்ககால நிலையக் கட்டடங்கள் மறைந்துவிட்டதால், நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையம் இதுவே. 1873-இல் சென்ட்ரல் வந்ததும் ராயபுரத்தின் முதன்மை குறைந்தது. 2005-இல் கட்டடத்தைப் புதுப்பித்தனர். பெரம்பூரில் பணிமனைகளும், 1955-இல் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் அமைந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதனால் அங்கே வேரூன்றின.

ஆலையும் சங்கமும்

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றின. இங்கு நெய்த காக்கித்துணி பெயர்பெற்றது. தறிக்கு முன்னால் நாள்முழுக்க நின்றவர்களுக்குச் சாப்பிடக் கிடைத்த இடைவேளை, சோற்றை விழுங்கி வாயிலுக்குள் திரும்பக்கூடப் போதவில்லை. பெரம்பூரில் பஜனை சபை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும், அங்கே வந்த தொழிலாளர்களின் குறையைக் கேட்டு, பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாவிடம் சென்றனர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அது கருதப்படுகிறது. சங்கத் தலைவர்களில் ஒருவரான திரு. வி. க. அதன் மேடைகளில் தமிழில் பேசினார். அரசியல் கூட்டங்களில் ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில் ஆலைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அவர் பேசியதே சங்கத்தின் பெரும் வலிமை.

1920-இல் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கத்தார் தொழிலாளரைத் தூண்டியதற்குத் தடையும் நட்ட ஈடும் விதிக்கப்பட்டன. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் என்ற நிலை இத்தீர்ப்பால் வெளிப்பட்டது. அது 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. அதே 1920 டிசம்பரில் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. பசியும் கடனும் முற்றிய நிலையில் ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. காவல்துறை சுட்டதிலும் பலர் மாண்டனர். ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். சங்கத்தின் புகழ்பாடும் நூல்கள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. வர்க்க ஒற்றுமை சாதியிடம் தோற்ற இடம் இது. அதை மறைத்து எழுதும் தொழிற்சங்க வரலாறு பாதி வரலாறுதான். ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. பிறகு நெடுநாள் அந்த வெற்றுக் கூடங்கள் திரைப்படக் காட்சிகளுக்குப் பயன்பட்டன.

அரசியலிலும் இப்பகுதிக்கு முன்னிடம் உண்டு. 1949 செப்டம்பர் 17 அன்று பவழக்காரத் தெருவில் திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது.

மக்கள்

தெலுங்கு வணிகர், குஜராத்திகள், மார்வாரிகள், தமிழ் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், மீனவர் எனப் பலரும் கலந்த பகுதி இது. ராயபுரத்தில் 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் தமிழ்நாட்டில் அச்சமயத்தாருக்கு உள்ள ஒரே கோயில். 1960-களில் பர்மாவிலிருந்து அனைத்தையும் இழந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள், கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜாரை உருவாக்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் இன்று வடசென்னையின் தெருவோரச் சாப்பாடு.

துறைமுகத்தாலும் ஆலையாலும் உரமேறிய உடல்கள் குத்துச்சண்டையை வளர்த்தன. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை ஆகிய குழுக்களின் மோதலைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 2021-இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்த உலகை வெளியூராருக்கும் அறிமுகப்படுத்தியது. மைதானம் இல்லாத தெருக்களுக்கு ஏற்ற ஆட்டம் கேரம். ஒரு பலகை, ஒரு விளக்கு, சுற்றி நிற்க நாலு பேர் போதும். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் இப்பகுதியின் காசிமா மூன்று தங்கம் வென்றார். இவர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

புகையும் மெட்ரோவும்

விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் ராயல் என்பீல்டும், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் வேலை தந்தன. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து இறாலும் நண்டும் குறைந்தன. கொடுங்கையூரில் நகரத்துக் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் தங்கள் படகில் போய் வாளியால் அள்ளினார்கள்.

2019-இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் நீண்டது. ராயபுரத்தை வெளியூர் ரயில்களின் முனையமாக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை நிறைவேறவில்லை. மூன்றாம் முனையம் தாம்பரத்துக்குப் போனது.